ஆயுத பூஜை முதல் போகி வரை

தமிழ்நாட்டில் கணினிக்கு வருடத்தில் ஒரு நாள் ராஜ மரியாதை உண்டு. ஆயுத பூஜைக்கு முந்தைய மாலை அலுவலக மேசைகள் காலியாகின்றன. மானிட்டரின் நெற்றியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம், சி.பி.யு. பெட்டியின் தலையில் ஒரு முழம் பூ, எதிரே பொரியும் கடலையும் சர்க்கரையும். பூஜை முடிந்து பூசணிக்காய் உடைக்கும்வரை யாரும் கீபோர்டைத் தொடுவதில்லை. மற்ற 364 நாட்களில் கிடைக்காத துடைப்பு அந்த ஒரு நாளில் கிடைத்துவிடுகிறது. ஆனால் துணி படுவது வெளிப்புறத்தில் மட்டும். கணினியைத் தொந்தரவு செய்யும் அழுக்கோ உள்ளே இருக்கிறது.

மின்விசிறி ஓடும் நேரமெல்லாம் அறையின் காற்றை உள்ளே இழுத்து, மெல்லிய உலோகத் தகடுகளின் இடுக்கு வழியாக வெளியே தள்ளுகிறது. காற்று போய்விடும், அதோடு வந்த பஞ்சும் முடியும் மண்துகளும் தகடுகளிலேயே தங்கிவிடும். தெருவோர வீடாக இருந்தால் ஓரிரு வருடத்தில் இடுக்கே தெரியாத அளவுக்குத் தூசி படிந்துவிடும். அதன் பிறகு வெப்பம் வெளியேற வழியில்லை. இன்றைய லேப்டாப் பிராசஸர்கள் பல, சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. உரிமையாளருக்குத் தெரிவதெல்லாம் ‘சிஸ்டம் ஸ்லோ’ என்பது மட்டும்தான். வைரஸ் என்று சந்தேகிப்பார், விண்டோஸைத் திரும்ப ஏற்றுவார், கடைசியில் தீபாவளித் தள்ளுபடியில் புதிதாக ஒன்றை வாங்கிவிடுவார். தூசிக்குச் செய்ய வேண்டிய வைத்தியத்துக்கு இது மிக அதிகமான செலவு.

வைத்தியம் புளோயர்தான். ரிப்பேர் கடைகளில் ஓர் ஊது ஊதிக் காட்டுவார்கள். வாசல்வரை புழுதி பறக்கும். வீட்டிலேயே செய்பவர்கள் இரண்டு விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். ஊதும்போது மின்விசிறியின் இறக்கையை விரலாலோ ஒரு குச்சியாலோ பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அது தன் அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும்; மோட்டார் ஜெனரேட்டராக மாறி போர்டுக்குள் மின்சாரத்தையும் அனுப்பலாம். இன்னொன்று, வீடு பெருக்கும் வாக்குவம் கிளீனரை உள்ளே நுழைக்கக் கூடாது. பிளாஸ்டிக் குழாயில் தூசி உரசிக்கொண்டு ஓடும்போது நிலைமின்னூட்டம் சேர்கிறது. மனித விரல் ‘சுருக்’ என்று உணர்வதற்கே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். நுண்ணிய சில்லுகள் சிலவற்றைக் கொல்ல 100 வோல்ட்கூடத் தேவையில்லை. கை உணராமலேயே ஒரு ரேம் செத்துப்போகலாம்.

நாலைந்து வருடம் ஆன இயந்திரமென்றால் பிராசஸருக்கும் அதன் மேலுள்ள உலோகத்துக்கும் இடையிலிருக்கும் தெர்மல் பேஸ்டையும் மாற்றிவிடலாம். கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும் இரண்டு பரப்புகளுக்கு நடுவில் நுண்ணிய பள்ளங்கள் இருக்கின்றன. அவற்றில் காற்று தங்கும். செம்பு கடத்தும் வெப்பத்தோடு ஒப்பிட்டால் காற்று கடத்துவது ஏறக்குறைய 15,000-இல் ஒரு பங்கு. அந்தப் பள்ளங்களை நிரப்புவதுதான் பேஸ்டின் வேலை. காய்ந்து வெடித்த பேஸ்ட் அதைச் செய்வதில்லை.

திரையைத் துடைக்க மைக்ரோஃபைபர் துணியும் சில சொட்டுத் தண்ணீரும் போதும், அதுவும் துணியில் விட வேண்டும், திரையில் தெளிக்கக் கூடாது. கண்ணாடி துடைக்கும் அம்மோனியாத் திரவங்கள் திரையின் மேல்பூச்சை அரித்துவிடும். சந்தனத்தையும் குங்குமத்தையும் பொறுத்தவரை சமரசம் எளிது: மானிட்டரின் ஸ்டாண்டில் வைத்தாலும் பூஜை பூஜைதான். விசிறியின் வாயிலும் யுஎஸ்பி துளையிலும் வைக்காதவரை சரஸ்வதிக்கும் சிலிக்கானுக்கும் சண்டை வராது.

இத்தனையும் செய்து முடித்து மூன்று வாரம் ஆவதற்குள் தீபாவளி வந்துவிடுகிறது.

பட்டாசு மருந்தின் அடிப்படை பழைய வெடிமருந்துதான்: பொட்டாசியம் நைட்ரேட், கரி, கந்தகம். எரிந்த பிறகு காற்றில் மிதப்பது கந்தக டை ஆக்சைடும் பொட்டாசிய உப்புகள் கலந்த நுண்துகள்களும். கந்தகச் சேர்மங்களுக்கு வெள்ளியையும் செம்பையும் கண்டால் விடாத பசி. பூஜையறை வெள்ளி விளக்கைக் கறுக்கவைக்கும் அதே வேதிவினை, கணினி போர்டின் மெல்லிய தடங்களிலும் நடக்கிறது. கம்ப்யூட்டர் உலகம் இதைக் கொஞ்சம் வலியோடுதான் கற்றுக்கொண்டது. 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. போர்டு செய்பவர்கள் ஈயப்பூச்சைக் கைவிட்டு வெள்ளி போன்ற வேறு பூச்சுகளுக்கு மாறினார்கள். கந்தகம் மிகுந்த காற்றுள்ள நகரங்களிலும் தொழிற்சாலைப் பகுதிகளிலும் போர்டுகள் விரைவில் பழுதாகத் தொடங்கின. செம்பு சல்பைடு தடத்திலிருந்து தடத்துக்கு ஊர்ந்துபோய் ஷார்ட் சர்க்யூட் ஆக்கியது. அமெரிக்காவின் ஆஷ்ரே என்ற குளிர்பதனப் பொறியாளர் சங்கம் டேட்டா சென்டர்களுக்கு ஒரு வரம்பையே வகுக்க வேண்டியதாயிற்று: அறையில் வைக்கும் செம்புத் தகட்டில் மாதத்துக்கு 30 நானோமீட்டருக்கு மேல் அரிப்புப் படலம் வளரக் கூடாது, வெள்ளியில் 20.

ஒரு ராத்திரிப் புகையில் வீட்டுக் கணினி செத்துவிடாது, பயப்படத் தேவையில்லை. கவலை, புகை போன பிறகும் தங்கிவிடும் உப்புத் துகள்களைப் பற்றியது. அவை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் தீபாவளி வருவதே வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில். ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே பட்டாசு வெடிக்கும் நேரத்தில் ஜன்னலைச் சாத்தி, விசிறி காற்றை இழுக்காதபடி கணினியை அணைத்துவைப்பது நல்லது. புளோயர் வேலையை ஆயுத பூஜைக்குச் செய்வதைவிடத் தீபாவளி கழிந்த வாரத்தில் செய்வதுதான் வேதியியலுக்குப் பொருந்தும். பஞ்சாங்கம் இதற்குக் கோபித்துக்கொள்ளாது.

பண்டிகைக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் செய்யும் முக்கியமான தவறு லேப்டாப்பை முழுக்கச் சார்ஜ் போட்டு வைத்துவிட்டுப் போவது. ‘வந்ததும் வேணுமே’ என்ற நல்லெண்ணம்தான். லித்தியம் அயனி பேட்டரிக்கு அது தண்டனை.

அந்த பேட்டரியை 1991-இல் சோனி நிறுவனம் முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வழிவகுத்த ஆய்வுக்காக ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்எனஃபுக்கு வயது 97. நோபல் பெற்றவர்களிலேயே மூத்தவர். வழக்கமான லித்தியம் செல் ஒன்று முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் அளவில் நிற்கிறது. அந்த மின்னழுத்தத்தில் உள்ளேயிருக்கும் திரவம் எலக்ட்ரோடுகளோடு வேண்டாத வினைகளில் இறங்குகிறது. ஒவ்வொரு வினையும் கொஞ்சம் லித்தியத்தைத் திரும்பி வராதபடி பூட்டிவைத்துவிடுகிறது. வெப்பம் ஏற ஏற இது வேகமாகும். முழுச் சார்ஜும் பூட்டிய அறையின் புழுக்கமும் சேர்ந்தால் இரட்டை அடி. அதற்காகச் சுத்தமாகக் காலிசெய்து வைத்தாலும் ஆபத்து: மின்னழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால் உள்ளேயுள்ள செம்புத் தகடே கரையத் தொடங்கும். பாதி சார்ஜில், முழுவதும் அணைத்து வைப்பதே அதற்கு உகந்த ஓய்வு. நீண்ட நாள் உபயோகிக்காமல் வைப்பதற்கு ஆப்பிள் நிறுவனம் சொல்வதும் 50 சதவீதம்தான். மேசையிலேயே சார்ஜரோடு கிடக்கும் லேப்டாப்களுக்காகப் பல நிறுவனங்கள் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைக் கொடுத்திருக்கின்றன. செட்டிங்ஸில் அது இருக்கிறதா என்று பெரும்பாலானோர் தேடிப் பார்த்ததே இல்லை.

டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ அது பேட்டரிக்குள் வாயு சேர்ந்ததன் அடையாளம். அதைச் சார்ஜ் போடக் கூடாது, அமுக்கிப் பார்க்கவும் கூடாது; நேரே சர்வீஸ் கடைதான்.

டெஸ்க்டாப்புக்குப் பருவமழைதான் எதிரி. சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் மின்னலைக் குறைத்து எடைபோடுகிறார்கள். தொலைவில் விழும் மின்னல்கூட மின்கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தூண்டிவிடும். சுவிட்சின் சில மில்லிமீட்டர் இடைவெளி அதற்குப் பொருட்டல்ல. ஸ்பைக் கார்டில் இருக்கும் வேரிஸ்டர், துத்தநாக ஆக்சைடால் ஆன சிறு வில்லை. அது ஒவ்வோர் அடியையும் தானே வாங்கி வாங்கித் தேய்ந்துபோகிறது. பத்து வருடப் பழைய ஸ்பைக் கார்டு பெரும்பாலும் வெறும் எக்ஸ்டென்ஷன் பெட்டிதான். பிளக்கைப் பிடுங்கிவிடுவதை மிஞ்சிய பாதுகாப்பு இல்லை. இன்டர்நெட்டுக்கு வரும் செப்புக் கேபிளையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். ஃபைபர் கண்ணாடி மின்னலைக் கடத்தாது, ஆனால் மோடத்தின் அடாப்டர் கடத்தும். யுபிஎஸ் மட்டும் விதிவிலக்கு மாதிரி: அதன் ஈய அமில பேட்டரிக்கு முழுச் சார்ஜில் இருப்பதே பிடிக்கும். நிரப்பிவிட்டு அணைக்கலாம். காலியாக மாதக்கணக்கில் கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு பேட்டரி போய்விடும்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி மூழ்கியதும் சி.பி.யு. பெட்டியைத் தரையில் வைக்கும் வழக்கத்துக்கு எதிரான வாதங்கள். ஊருக்குப் போகுமுன் அதைத் தூக்கி மேசைமேல் வைக்க இரண்டு நிமிடம் ஆகும். நனைந்துவிட்டால் ‘ஓடுதா பார்ப்போம்’ என்று ஆன் செய்வதுதான் சாவுமணி. வெள்ள நீரில் உப்பும் சேறும் உண்டு. மின்சாரம் பாய்ந்தால் மின்னாற்பகுப்பில் தடங்கள் கரைந்துபோகும். மின்சாரம் இல்லாமல் நனைந்த போர்டைப் பல சமயம் கழுவி உலர்த்திப் பிழைக்கவைத்துவிடலாம். அரிசி மூட்டைக்குள் புதைக்கும் வைத்தியத்தால் பயனில்லை. ஐபோனை அரிசியில் போடாதீர்கள், துகள்கள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் 2024-இல் தன் உதவிப் பக்கத்திலேயே எழுதிவைத்தது.

இயந்திரம் போனால் வாங்கிக்கொள்ளலாம். கல்யாண ஆல்பம் போனால்?

ஹார்டு டிஸ்க் சாகும் முன் எச்சரிக்கும் என்று நம்பியிருப்பவர்களுக்கு கூகுளின் 2007 ஆய்வு கசப்பானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கண்காணித்து எழுதப்பட்ட அந்தக் கட்டுரையில், செத்துப்போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த அறிகுறியும் காட்டாமலே போயிருந்தன. பிக்ஸார் நிறுவனத்தின் கதை இன்னும் பிரபலம். 1998-இல் ‘டாய் ஸ்டோரி 2’ தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் கண்ணெதிரே மறைந்தன. பேக்கப் இருந்தது, ஆனால் அது ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மன் குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்து வேலை பார்த்ததால் அவர் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

பீட்டர் கிராக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு இதற்குத்தான்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில். லேப்டாப்பும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் ஒரே பீரோவில் இருந்தால் வெள்ளத்துக்கும் திருடனுக்கும் அது ஒரே பிரதிதான். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு டிஸ்க்கை அம்மா வீட்டு அலமாரியில் விட்டு வருவது மிகச் சிக்கனமான வழி.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் கணினிக்குத் தொல்லை தரத் தூசியோ மழையோ தேவையில்லை, மனிதர்களே போதும். 1987 டிசம்பரில் ஜெர்மனியின் கிளௌஸ்தால் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் எழுதிய வாழ்த்து நிரல், திரையில் நட்சத்திரக் குறிகளால் ஒரு கிறிஸ்துமஸ் மரத்தை வரைந்தது. வரைந்துகொண்டே, பெறுநரின் முகவரிப் பட்டியலைப் படித்து அத்தனை பேருக்கும் தன்னை அனுப்பிக்கொண்டது. ஐரோப்பிய, அமெரிக்கப் பல்கலைக்கழக வலைகளைத் தாண்டி ஐபிஎம்மின் உலகளாவிய உள்வலையையே அது திணறடித்துவிட்டது. அதில் கெட்ட எண்ணம் இல்லை. பின்னால் வந்தவர்களுக்கு இருந்தது. 2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு, வங்கதேச மத்திய வங்கியின் பெயரில், நியூயார்க்கில் அதன் கணக்கு இருந்த வங்கிக்குப் போலிக் கட்டளைகள் பறந்தன. வெள்ளி டாக்காவில் வாராந்திர விடுமுறை. சனியும் ஞாயிறும் நியூயார்க்கில் விடுமுறை. திங்கள் மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. நாட்காட்டியைப் பார்த்தே திட்டமிட்டிருந்தார்கள். 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸில் கரைந்தது. இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்குப் போன 2 கோடி டாலர் மட்டும், ஆங்கிலத்தில் அந்தப் பெயரைப் பிழையாக எழுதியதால் சந்தேகத்துக்குள்ளாகித் திரும்பியது.

வீட்டுக் கணினிக்கு இவ்வளவு பெரிய திருடர்கள் வருவதில்லை. ‘உங்கள் பார்சல் நிற்கிறது, இந்த லிங்க்கை அழுத்துங்கள்’ என்று வரும் குறுஞ்செய்திதான் வரும். கிளம்பும் முன் அப்டேட்களை முடித்துவிடுவதும், பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைப்பதும் போதுமான தற்காப்பு.

இனி பரிசு. கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்த மருமகனுக்கோ மகளுக்கோ என்ன வாங்குவது என்று சென்னை ரிச்சி தெருவில் நின்று விழிப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது வண்ண விளக்கு மினுக்கும் கீபோர்டு. அதில் தவறில்லை, பயனும் அதிகமில்லை. கீபோர்டுதான் என்றால் 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ் 99 எழுத்துகள் ஒட்டியதாகக் கொடுத்தால் அந்த வீட்டில் தமிழாவது தட்டச்சாகும்.

பழைய லேப்டாப் வைத்திருப்பவருக்கு எஸ்எஸ்டியை மிஞ்சிய பரிசு இல்லை. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட் எடுக்கும். தேவையான இடம் ஊசிமுனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச்சுற்று, முனை நகர இன்னும் கொஞ்சம். ஆக அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் தகவல்களை நொடிக்கு நூறு முறை எடுப்பதே அதற்குச் சிரமம். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதே நொடியில் பல்லாயிரம் முறை எடுத்துத் தருகிறது. கணினி திறக்க எடுக்கும் நேரம் நிமிடங்களிலிருந்து நொடிகளுக்கு இறங்குவது இதனால்தான். சும்மா வைத்தால் எஸ்எஸ்டியில் தகவல் அழிந்துவிடும் என்றொரு பயமும் உலவுகிறது. வீட்டு உபயோக எஸ்எஸ்டி, எழுதும் ஆயுள் தீர்ந்த நிலையிலும் மின்சாரமின்றி 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும் என்பது தொழில்துறைத் தரக்கட்டுப்பாடு. பத்து நாள் லீவுக்கு ஒன்றும் ஆகாது.

சில நூறு ரூபாய்க்கு 2 டெராபைட் பென் டிரைவ் என்று கூவினால் நகர்ந்துவிட வேண்டும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 32 அல்லது 64 ஜிகாபைட் சில்லு; 2 டெராபைட் என்று கணினியிடம் பொய் சொல்லும்படி நிரலை மாற்றியிருப்பார்கள். உண்மையான அளவு நிரம்பியதும் புதிய படங்கள் பழையவற்றின் மேலேயே எழுதப்படும், பெயர்ப்பட்டியல் மட்டும் முழுதாகத் தெரியும். டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் இந்தப் பொய்யைப் பிடித்துவிடும். பரிசளிக்கும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது கௌரவத்துக்கு நல்லது.

விமானத்தில் பறக்கிறவருக்குப் பவர் பேங்க் என்றால் 100 வாட் அவர் என்ற வரம்பைத் தாண்டக் கூடாது. 20,000 மில்லி ஆம்பியர் அவரை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74. தாராளமாகப் போகலாம், கைப்பையில் மட்டும்.

பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு ராஸ்பெர்ரி பை. 2012-இல் 35 டாலருக்கு வந்த அட்டை அளவுக் கணினி. 2015 நவம்பரில் அதன் தம்பி ‘ஜீரோ’ 5 டாலருக்கு வந்து, ஒரு பத்திரிகையின் அட்டையில் ஒட்டி இலவசமாகவும் கொடுக்கப்பட்டது. விடுமுறையும் இப்படியொரு பொம்மையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1989 கிறிஸ்துமஸ் வாரத்தில் பொழுதுபோகாமல் கைடோ வான் ராஸம் எழுதத் தொடங்கியது பைத்தான் மொழி. ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸுக்குப் புள்ளியியல் பேராசிரியரான தாத்தாவின் கமடோர் கணினியில்தான் அரிச்சுவடி ஆரம்பம். பிற்பாடு 1991 ஜனவரியில், கிறிஸ்துமஸுக்கும் பிறந்தநாளுக்கும் கைக்கு வந்த பணத்தை முன்பணமாகப் போட்டுத் தவணையில் 386 கணினி வாங்கினார். அதில் அந்த வருடமே லினக்ஸ் இயங்குதளம் பிறந்தது.

பழையதைக் கழித்து எரிக்கும் போகியன்றுதான் லினக்ஸ் தமிழ் வீடுகளுக்குப் பயன்படும். 2011-இல் தொடங்கிய தமிழக அரசுத் திட்டத்தின் இலவச லேப்டாப்களில் பல இன்னும் பரண்களில் கிடக்கின்றன. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய இயந்திரங்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றுக்கு ஒரு எஸ்எஸ்டியும் எடைகுறைந்த லினக்ஸும் போட்டால் படிக்கவும் எழுதவும் இன்னும் சில வருடம் ஓடும். தேதி தப்பாகக் காட்டி இணையதளங்கள் திறக்க மறுத்தால் மதர்போர்டிலுள்ள பொத்தான் பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும். நாணய அளவு, 3 வோல்ட், விலையும் சொற்பம்.

ஓடவே ஓடாததையும் நெருப்பில் போடக் கூடாது. கேபிளின் பிவிசி எரிந்தால் டையாக்சின் வரும். லித்தியம் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும். போகிப் புகையால் 2018-இல் சென்னை விமான நிலையமே தடுமாறியது. அதில் மதர்போர்டையும் சேர்க்க வேண்டாம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச்சேர வேண்டும். கொடுக்கும் முன் தகவலை அழிக்க வேண்டும், ‘டெலீட்’ அதற்குப் போதாது. சுழலும் டிஸ்க்கில் முழுப் பரப்பிலும் ஒருமுறை மேலெழுதினால் போதும். எஸ்எஸ்டி தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்வதற்காக எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் மேலெழுதினாலும் மிச்சம் இருக்கும்; அதற்குத் தயாரிப்பாளரே தரும் ‘செக்யூர் எரேஸ்’ கட்டளையைக் கொடுக்க வேண்டும்.